ஒன்பதும் வரவில்லை

வைகாசித் திருவிழாவின் கருட சேவை இரவில் ஆழ்வார்திருநகரியில் நின்றிருக்கிறீர்களா? நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருடன்மேல் எழுந்தருளும் இரவு. கூட்டத்தில் ஒரு பாட்டி பேரனிடம் சொன்னார்: "ஒம்போதும் இன்னும் வரலடா." ஒரு கருடன்கூட வரவில்லையா? ஏழெட்டு வந்து, ஒன்றிரண்டு பாக்கியா? இரண்டுக்கும் அந்த வாக்கியம் இடம் கொடுக்கிறது! அங்கேயே சொக்கிப்போனேன்.

இதைத் தொல்காப்பியர் பிடித்துவிட்டார் என்பதை நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது. 'உம்' என்ற சின்ன இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இடையியலில் எட்டுப் பொருள் சொல்கிறார். அவற்றில் ஒன்று முற்று. 'ஒன்பதும்' என்றால் மிச்சமில்லாமல் ஒன்பது. அதோடு விடாமல், அந்த முற்றும்மை சில இடங்களில் எச்சத்துக்கும், அதாவது மிச்சம் இருப்பதற்கும், உரியது என்று தனிச் சூத்திரம் வைக்கிறார். உரையாசிரியர்கள் அதற்கு எதிர்மறை வாக்கியங்களையே காட்டுகிறார்கள். எல்லாம் கொடுக்காதே என்றால், கொஞ்சம் கொடு என்றும் ஆகுமல்லவா? இன்னொரு அழகு: எச்சத்துக்'கும்' உரியது என்று சொல்வதால், முற்றுப் பொருளும் அங்கே கெடாமல் நிற்கிறது. இரண்டு வாசிப்பையும் காப்பாற்றும் வேலையை ஓர் உம்மையிடமே கொடுத்திருக்கிறார்! நன்னூலாரும் இதை விடவில்லை.

அந்தச் சொல்லதிகாரத்துக்கு உரை செய்த சேனாவரையர் இந்தத் தாமிரபரணிக் கரைக்காரர். ஆறு கடலைச் சேருமுன் வரும் ஆற்றூர், இன்றைய ஆத்தூர், அவர் ஊர். அந்நாளில் முத்துக்குப் பேர்போன கொற்கை பக்கத்தில்தான். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று அவர் காலத்தைக் கணிப்பார்கள். முத்தைச் சலித்துத் தரம் பிரிப்பதுபோல் உம்மைகளைப் பிரித்துவைத்த உரை அது. இடையியலை அவர் உரையோடு படியுங்கள், மெதுவாக.

இன்றைய மொழியியலார் ஆங்கிலத்திலும் எபிரேயத்திலும் துருவுவதும் இதே முடிச்சைத்தான். 'எவ்ரிபடி டிடின்ட் கம்' என்றால் ஆங்கிலத்திலும் இரண்டு பொருள். ஐயம் வேண்டாமென்றால் 'நாட்' என்பதை முன்னே கொண்டுபோய் 'நாட் எவ்ரிபடி கேம்' என்பார்கள். எபிரேயத்திலும் அப்படியே: 'லோ குலாம் பாவு', எல்லாரும் வந்துவிடவில்லை, சிலர் வந்தார்கள். நம் 'இல்லை' வினையின் வாலைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நிற்பது. அதை அப்படி முன்னே தூக்கிவைக்க முடியாது. பாட்டியின் குரல் 'ஒம்போதும்' மேல் ஏறி அழுந்தியது; அதிலேயே சில கருடன்கள் வந்தாயிற்று என்று தெரிந்துவிட்டது. ஒன்றுமே வரவில்லையென்றால் 'ஒண்ணும் வரல' என்றிருப்பார். அதிலும் அதே உம்!

'இல்லை' இல்லாத வாக்கியத்திலும் இப்படி இரண்டு பொருள் வரும்: 'எல்லாரும் ஒரு பெருமாளைச் சேவித்தார்கள்' என்று சொல்லிப் பாருங்கள். ஒரே பெருமாளையா, ஆளுக்கொரு பெருமாளையா? 'ஒரு பெருமாளை எல்லாரும் சேவித்தார்கள்' என்று மாற்றிப் போட்டால் ஒரே பெருமாள் என்ற பக்கம் சாய்கிறது. 'ஆளுக்கொரு' என்றால் சிக்கலே இல்லை. ஒரு வேற்றுமை உருபும் 'ஒரு'வும் சேர்ந்து இவ்வளவு துல்லியமாகப் பங்குபோடுவதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை.

ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வாரைச் சொல்லாமல் எப்படி? 1,102 பாசுரம் கொண்ட திருவாய்மொழியின் முதல் பத்திலேயே, அனைத்தும் அவனே என்று சொல்ல வருகிறார். 'எல்லாம்' என்ற ஒரே சொல்லால் முடித்திருக்கலாம். அவரோ ஆண், பெண், பலர், அஃறிணை என்று ஒவ்வொன்றிலும் தொலைவு, அண்மை, இடைப்பட்டது மூன்றையும் சுட்டுப்பெயர்களாக அடுக்கிக்கொண்டே போகிறார். அந்தப் பாசுரத்தில் 'எல்லாம்' என்ற சொல்லே கிடையாது!