மறைந்திருந்த புரவலர்: மருத்துவ மென்பொருளொன்றின் பனுவலை முன்வைத்து

இலக்கியத்துக்கும் அதனைப் போஷித்த புரவலருக்கும் இடையேயுள்ள உறவு நம் ஆய்வாளர் பலராலும் பேசப்பட்டதொன்றாகும். கம்பன் தன் காவியத்துள்ளேயே சடையப்ப வள்ளலைப் பெயர் சுட்டிப் போற்றினான். அவ்வுறவின் நிலப்பிரபுத்துவப் பண்பு எதுவாயினும், படிப்போரிடமிருந்து அது மறைக்கப்படவில்லை. புரவலரின் பெயரை மறைத்தாலன்றிப் பயன்தராத பனுவல் வகையொன்றை நமது காலம் தோற்றுவித்துள்ளது. அதற்கோர் உதாரணத்தை இங்கு நோக்குவோம்.

2005இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட பிராக்டிஸ் பியூஷன் என்னும் நிறுவனம், நோயாளர் விபரங்களைப் பதிந்து பேணும் மென்பொருளை மருத்துவர்களுக்கு இலவசமாக வழங்கிற்று. விளம்பரமும், பெயர் நீக்கப்பட்ட நோயாளர் தரவுகளின் விற்பனையும் அதன் வருவாய் வழிகளாயின. ஆக, அங்கு விலைபோன பண்டங்களுள் முதன்மையானது மருத்துவரின் கவனமே.

2016 முதல் 2019இன் இளவேனில் வரை அம்மென்பொருளில் ஓர் அறிவுறுத்தல் தோன்றிற்று. நோயாளரின் வலி எத்தகையது என அது வினவிற்று. அடுத்து, வலிநிபுணரிடம் அனுப்புதல் தொடக்கம் ஓபியொயிட் மருந்து எழுதுதல் வரையிலான சிகிச்சைப் பட்டியலொன்றைத் தந்தது. விளம்பரமாயின் மருத்துவர் ஐயுற்றிருப்பார். இதுவோ நோயாளரின் கோப்பினுள்ளேயே விஞ்ஞானத்தின் குரலாக வந்தது. ஏறத்தாழ 230 மில்லியன் தடவைகள் அது தோன்றியதாகச் செய்தி வெளியாயிற்று.

அதன் ஆக்கத்துக்கு ஓபியொயிட் உற்பத்தியாளரிடமிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் டொலர் பெறப்பட்டமை 2020 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களத்தால் வெளிப்படுத்தப்பட்டது. இத்தகைய அறிவுறுத்தல்கள் எவ்வழிகாட்டியைத் தழுவுவது, எப்போது தோன்றுவது என்பனவற்றைத் தீர்மானிக்கவும், சில சந்தர்ப்பங்களில் வாசகத்தையே எழுதவும் மருந்துக் கம்பனிகளுக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. பிராக்டிஸ் பியூஷன் 145 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பேர்டியூ பார்மா இக்கொடுப்பனவு தொடர்பாகவும் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இதனைச் சிலரது பேராசையென விளக்குவோர் உளர். அவ்விளக்கம் போதாது. சட்டம் தண்டித்தது இலஞ்சத்தையே. விளம்பரத்தால் வாழும் மருத்துவப் பதிவேட்டையன்று. பயன்படுத்துவோர் பணம் செலுத்தாதவிடத்து, செலுத்துவோரின் நலன் முதலில் பனுவலின் ஓரத்தில் விளம்பரமாக நிற்கும். பின்னர் உள்ளே புகும். பின்னையது முன்னையதன் வளர்ச்சியேயன்றி விபத்தன்று. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கும் விமர்சனம் இங்கு எதனையும் காணமாட்டாது. பொய்யான வாக்கியமொன்றைத் தேடி அது களைத்துவிடும். வினா எழும் தருணம், பட்டியலில் இடம்பெறுவது எது என்பது ஆகியவற்றிலேயே மூலதனத்தின் நலன் குடிகொண்டிருந்தது.

நாம் இயந்திரத்தின் எதிரிகளல்லர். மருத்துவரின் கையெழுத்தை வாசிக்க முயன்ற எவரும் அவ்வாறு இருத்தல் அரிது! பதிவேடு பொதுச் செலவில் பேணப்படுமாயின், அதில் எழுதப்படுவனவற்றுக்குப் பொறுப்புக் கூறுமாறு மக்கள் கோர முடியும். இங்கோ நோயாளர் அத்தகைய கேள்வியொன்று உண்டென்பதையே அறியார். மருந்துச் சீட்டில் ஒப்பமிட்டவர் மருத்துவர். பட்டியலில் அம்மருந்துக்கு இடம் வாங்கியவரின் பெயர் அதில் எங்கும் இல்லை.