உள்ளே ஒன்று, வெளியே ஆறு

‘மூச்சு விடுகிறான்’ என்றால் ஆள் உயிரோடு இருக்கிறான். ‘மூச்சு வாங்குகிறது’ என்றால் மாடிப்படி ஏறி வந்திருக்கிறான். இழுப்பதும் விடுவதும் சேர்ந்ததுதான் மூச்சு. ஆனாலும் முழுச் செயலுக்கும் ‘விடு’ என்ற வினையைத்தான் தமிழ் கொடுத்திருக்கிறது.

சுவாசத்துக்குச் சீனர்கள் அன்றாடம் சொல்லும் சொல் ‘ஹூஷி’. ஹூ வெளிமூச்சு, ஷி உள்மூச்சு. அங்கேயும் விடுவதுதான் முந்திக்கொள்கிறது. மூச்சுப் பயிற்சிக்கு உள்ள பழம்பெயரான ‘தூநா’விலும் அதே வரிசை: துப்பு, பிறகு ஏற்றுக்கொள். பழையதை வெளியேற்றிவிட்டுத்தான் புதியதற்கு இடம். இன்று இத்தகைய பயிற்சிகளுக்கு வழங்கும் ‘சீகுங்’ என்ற பெயர் பரவியது 1950களில். துப்பலும் ஏற்றலும் அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தவை.

தாவோயியத்தில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. தாவோ ஹோங்ஜிங் (கி.பி. 456–536) அரசுப் பதவியை விட்டுவிட்டு மாவோ மலைக்குப் போய்த் தங்கியவர். அவர் தொகுத்ததாகச் சொல்லப்படும் உடல்நலச் சுவடியில் அது வருகிறது: காற்றை உள்ளே வாங்க வழி ஒன்று, வெளியே விட வழி ஆறு. எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்! மூக்கு ஒன்றுபோலத்தான் இழுக்கும். வித்தையெல்லாம் உதட்டிலும் நாக்கிலும் இருக்கிறது. சூடான கஞ்சியை ஆற்ற உதட்டைக் குவிக்கிறோம். மூக்குக்கண்ணாடியைத் துடைக்க அதே வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்கிறோம். ஒரே நெஞ்சுக் காற்று, ஒன்று குளிர்ச்சி, இன்னொன்று வெம்மை.

ஆறுக்கும் வேலை பிரித்திருக்கிறார்கள். ‘ஹெ’ என்று விடுவது மேலேறிய காற்றைக் கீழே இறக்க. ‘ஷ்யூ’ தேங்கிக் கிடப்பதைக் கலைக்க. மனச்சலிப்பு நீங்க ஒன்று, களைப்பின் உச்சத்துக்கு ஒன்று. இந்தக் கடைசி ஒலியை இன்று பயிற்றுவிப்பவர்கள் ‘ஸ்ஸ்’ என்று பல்லிடுக்கில் விடச் சொல்கிறார்கள். வெயிலில் அலைந்து வந்து திண்ணையில் சாயும் நம்மூர்ப் பெரியவர் வாயிலிருந்து வருவதும் ‘உஸ்’தானே? தற்செயல்தான், ஆனால் ரசிக்க என்ன தடை? பிற்காலத்தில் கல்லீரலுக்கு இது, சிறுநீரகத்துக்கு அது என்று உறுப்புவாரியாக அட்டவணையும் போட்டுவிட்டார்கள். அதில் எனக்கு ருசியில்லை. வெளிமூச்சில் இதயத்துடிப்பு சற்றே தணிகிறது என்று உடலியல் சொல்வது போதும்.

எழுத்திலும் ஓர் அழகு. மூச்சைக் குறிக்கும் ‘ஷி’ என்ற இன்னொரு எழுத்தில் மேலே இருப்பது மூக்கின் பழஞ்சித்திரம், கீழே இருப்பது இதயம். ஓய்வுக்கும் அதே எழுத்துதான். கடன் வட்டிக்கும் அதுவே வருகிறது; யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது, சும்மா இருக்கும்போதே வளர்வது அல்லவா!

ஓசையைப் பற்றி இவ்வளவு சொன்னபின், ஓசையே கூடாது என்றவரையும் சொல்ல வேண்டும். தாவோயியரான கெ ஹோங் (கி.பி. 283–343) தன் ‘பாவ்புட்சு’ நூலில் தரும் முறை இது: மூக்கால் இழுத்து அடக்கி, மனத்துக்குள் 120 வரை எண்ணி, வாயால் மெல்ல விட வேண்டும். போவதும் வருவதும் தன் காதுக்கே கேட்கக்கூடாது. தேறிவிட்டோமா என்று அறிய ஒரு காட்டு வாத்தின் இறகை மூக்குக்கும் வாய்க்கும் மேலே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். மூச்சு விடும்போது அது அசையக்கூடாது. மற்ற வித்தைகளில் எதையாவது செய்து காட்டினால் தேர்ச்சி. இங்கே எதுவும் நடக்காமல் இருப்பதுதான் தேர்ச்சி. எடையே இல்லாததற்குச் சீனர்கள் சொல்லும் உவமையும் அந்த இறகுதான். சாட்சியாக வேறு எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்?

எண்ணிக்கையை ஆயிரம்வரை நீட்டினால் கிழவர் நாளுக்கு நாள் இளமையாவார் என்றும் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆயிரமும் வேண்டாம், 120க்கு அடக்குவதும் எனக்கு வேண்டாம். இறகை மட்டும் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. காட்டு வாத்துக்கு எங்கே போக? பால்கனியில் கிடந்த புறா இறகை எடுத்துக் கழுவி, காயவைத்து, மல்லாந்து படுத்து மேலுதட்டில் வைத்தேன். மூன்றாவது மூச்சில் அது கட்டிலுக்கடியில் போய்விட்டது.