நாற்காலி இல்லாதவர்களின் சதுர அடி

ஒரு மாநகராட்சி தனக்குப் புதிய அலுவலகக் கட்டடம் வேண்டும் என்று முடிவெடுத்ததும் முதலில் எண்ணுவது நாற்காலிகளை. எத்தனை பதவிகள், எந்தப் பதவிக்கு எத்தனை சதுர அடி, யாருக்குத் தனி அறை, யாருக்கு வெறும் தடுப்பு, யாருக்கு அறையோடு சேர்ந்த கழிப்பறை. பதவி உயர உயர இடம் அகலும். எல்லாவற்றையும் கூட்டி, படிக்கட்டுக்கும் நடைவழிக்கும் கொஞ்சம் சேர்த்தால் 'இடத்தேவை' என்று ஓர் எண் கிடைத்துவிடும். கூட்டலில் பிழை இருக்காது. என் சந்தேகமெல்லாம் 'தேவை' என்ற சொல்லின் மேல்தான்.

சென்னையின் ரிப்பன் மாளிகையை எடுத்துக்கொள்வோம். 1909இல் அடிக்கல், 1913இல் திறப்பு, ஏழரை லட்சம் ரூபாய் செலவு, 132 அடி உயரத்தில் கடிகாரக் கோபுரம். வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடம் அழகானது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த ஒரு மன்றத்துக்காகக் கட்டப்பட்டது அது. ஒரு பெண் மேயராக, தாரா செரியன் வரும் 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடங்கள் என்று 2016இல் சட்டம் ஆனது. அதன்படி 2022இல் தேர்தல் நடந்து ஆர். பிரியா மேயரானார். சென்னையில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் தலித் பெண் அவர். 200 பேர் கொண்ட மன்றத்தில் ஏறக்குறைய சரிபாதி பெண்கள். சட்டம் மன்றத்தை மாற்றியது. கட்டடம் யாரை மனத்தில் வைத்துத் திட்டமிடப்படுகிறது என்ற கேள்வியை அது தொடவில்லை.

இதற்கிடையே 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. ஊர் பெருத்தால் அலுவலகமும் பெருக்க வேண்டும். ரிப்பன் மாளிகை வளாகத்திலேயே இன்னொரு கட்டடம் எழுந்தது. பெயர், அம்மா மாளிகை. (பெயர் சூட்டும் விஷயத்தில் நம்மவர்கள் பெண்ணுக்கு ஒருநாளும் குறை வைத்ததில்லை.)

நான் வசிப்பது வேறொரு மாநகராட்சியில். எங்கள் தெருவைக் கூட்டும் அக்காவிடம் ஒருநாள், "உங்க ஆபீஸ் எங்கக்கா?" என்று கேட்டேன். தெருமுனையைக் காட்டி, "அந்தப் புங்க மரம்தாம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. காலையில் வருகை எடுப்பது அங்கேதான். சோற்றுப் பை கிளையில் தொங்கும், துடைப்பம் அடிமரத்தில் சாய்ந்திருக்கும். உடை மாற்ற இடமில்லை என்பதால் வேலைக்கான கோட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு பேருந்து ஏறுவார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் யாரும் உட்கார மாட்டார்கள் என்றார். பதினோரு மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. அந்த மூன்று நாள்களில் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கத் தயங்கியபோது அவரே சொன்னார்: "தெரிஞ்ச வீடு ரெண்டு இருக்கும்மா. ஒரு வீட்லதான் கேக்க முடியும்." மற்ற வீட்டில் ஏன் கேட்க முடியாது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான்.

அவர் ஒப்பந்தத் தொழிலாளர். பதினைந்து வருடமாக மாநகராட்சியின் தெருவை, மாநகராட்சியின் துடைப்பத்தால் கூட்டுகிறார். ஆனால் ஊழியர் பட்டியலில் அவர் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு நாற்காலி இல்லை, நாற்காலி இல்லாதவருக்குச் சதுர அடி இல்லை. தனியார்மயம் பற்றிப் பேசும்போது நாம் கூலியைப் பேசுகிறோம், பணி நிரந்தரத்தைப் பேசுகிறோம். அதே கையெழுத்தில் ஒரு கழிப்பறையும், ஓர் அலமாரியும், உட்கார ஒரு பெஞ்சும் கட்டட வரைபடத்திலிருந்து அழிந்துபோவதைப் பேசுவதில்லை. இடத்தேவையைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் போதும், அவருடைய உடம்பும் கூடவே போய்விடும்.

அந்த உடம்புகள் 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை வாசலுக்கே வந்தன. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடைபாதையில் அமர்ந்தார்கள், பெரும்பகுதியினர் பெண்கள். 13 நாள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே உறங்கினார்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அதைப் போக்குவரத்துச் சிக்கலாகப் பார்த்தவர்கள் உண்டு, சட்டச் சிக்கலாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு கட்டட விமர்சனமாகவும் தெரிந்தது. யாருடைய உழைப்பில் நகரம் நிற்கிறதோ அவர்களுக்கு அந்த நகரத்தின் தலைமை அலுவலகத்தில் கிடைத்த இடம், வாசலுக்கு வெளியே இருந்த நடைபாதை.

'அலுவலகம் அலுவலர்களுக்கு, தெருவில் வேலை செய்பவர்களுக்கு அங்கே எதற்கு இடம்?' என்று கேட்கலாம். சரி, அங்கே வேண்டாம். அவர்கள் வேலை செய்யும் வார்டில் எங்கே என்று அந்தத் திட்டத்தின் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம். நகரமே வேலையிடமாக இருக்கும் பெண்ணுக்கு அந்த 50ஐ எந்தக் கூரையின் கீழ் எண்ணுவது?

சென்னை மாநகராட்சிக்குள் பாலினம், கொள்கை குறித்த ஓர் ஆய்வகம் 2022 முதல் இருக்கிறது. பேருந்தில், தெருவில், பொதுக் கழிப்பறையில் பெண்கள் படும் பாட்டை ஒரு மாநகராட்சி அளந்து பார்ப்பது நல்ல காரியம், கிண்டலாகச் சொல்லவில்லை. அதே அளவுகோலை அது தன் சொந்தக் கூரைக்கும் பிடிக்க வேண்டும் என்கிறேன். அடுத்த இணைப்புக் கட்டடத்துக்கோ மண்டல அலுவலகத்துக்கோ இடத்தேவைப் பட்டியல் எழுதும்போது பதவிப் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, காலை ஆறு மணியிலிருந்து மாநகராட்சிக்காக யார் யார் நிற்கிறார்கள் என்று எழுதத் தொடங்கலாம். முதல் வரியில் புங்க மரத்தடி வரும். எத்தனை சதுர அடி என்று அதற்கு நேரே நிரப்ப வேண்டியிருக்கும்.