சம்ஸ்காரம் எவர் பொருட்டு? அனந்தமூர்த்தியின் நாவலை முன்வைத்து

யு.ஆர். அனந்தமூர்த்தி கன்னடத்தில் இயற்றி 1965-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சம்ஸ்காரா’ ஒரு மரணத்தில் தொடங்குகிறது. மாத்வர்கள் வாழும் துர்வாசபுர அக்ரஹாரத்தில், சிவமொக்கையிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய நாரணப்பன் மரிக்கிறான். மணந்தவளை விட்டுச் சந்திரி என்னும் கணிகையோடு வாழ்ந்தவன். சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்தவன். ஆயினும் ஜாதியினின்று விலக்கப்படாதவன். புத்திரரில்லாத அவனுக்கு ஈமக்கடன் செய்யும் அதிகாரி யார்? சவம் எடுக்கப்படும்வரை அக்ரஹாரத்தில் எவரும் உண்ணலாகாது.

விடை கூறவேண்டியவர் காசியில் கற்ற பிராணேசாசாரியர். செலவுக்கென்று சந்திரி தன் நகைகளைக் கழற்றி வைத்தவுடன், முன்பு மறுத்தவர்களுக்கும் ஆசை பிறக்கிறது. ஆசாரியர் சுவடிகளைப் புரட்டுகிறார், விடை கிட்டவில்லை. மாருதியின் சந்நிதியில் பூ வலப்புறம் விழுமா, இடப்புறம் விழுமா என்று காத்திருக்கிறார், உத்தரவு வரவில்லை. முடிவில் சந்திரியே ஒரு முஸ்லிம் வணிகரின் துணையோடு இரவில் உடலை எரித்துவிடுகிறாள்.

இந்நாவலைச் சாஸ்திர நிந்தை என்று வெறுப்பாரும் உளர். அதற்காகவே போற்றுவாரும் உளர். இரு சாராரும் சாஸ்திரத்தினிடம் என்ன கேட்கப்பட்டது என்பதை நோக்கிலர். ‘எதைச் செய்தால் நமக்குத் தோஷம் வாராது’ என்பதே அங்கே எழுந்த கேள்வி. இறந்தவனுக்கு எது நன்மை என்று கேட்பாரில்லை. இத்தனைக்கும் ஆசாரியர் இரக்கமற்றவரல்லர். நாரணப்பனை நல்வழிப்படுத்துவதாக அவன் தாய்க்கு வாக்களித்தவர், விலக்கிவைக்க இசையாதவர். உயிரோடிருந்தவரை மகனைப்போல் எண்ணப்பட்டவன், மரித்த கணமே தீர்க்கவேண்டிய ஒரு வழக்காகிவிடுகிறான். நாவலின் மெய்யான துயரம் இதுவே.

நம் ஸம்ப்ரதாயத்தார்க்கு இங்கே பெரிய நம்பி நினைவுக்கு வருவது இயல்பு. தாழ்ந்த குலத்தவரான மாறனேரி நம்பிக்கு அவர் பிரம்மமேத ஸம்ஸ்காரம் செய்தார். எம்பெருமானார் வினவியபோது, பெருமாள் ஜடாயுவுக்குச் செய்ததையே காட்டினார். இரண்டும் ஒன்றல்ல என்பதும் தெளிவு. மாறனேரி நம்பி ஆளவந்தார் திருவடிகளில் ஆச்ரயித்த மஹான்; நாரணப்பனோ பகவத் விஷயத்தை இகழ்ந்தவன். ஆகவே அந்த ஐதிஹ்யம் துர்வாசபுரத்தின் சிக்கலை நேரே அவிழ்த்துவிடாது. ஆனால் ஒன்றை உணர்த்தும். பெரிய நம்பி இராமாயணத்தில் விதியைத் தேடவில்லை. பெருமாளுடைய அனுஷ்டானத்தைக் கண்டார், தாமும் அனுஷ்டித்தார். பிராணேசாசாரியரும் புராணங்களைப் பிறர்க்கு உரைத்தவரே. எனினும் வேண்டிய பொழுதில் அவருக்கு வாக்கியங்கள் மட்டுமே எஞ்சின.

நாவலில் குறையும் உண்டு. அக்ரஹாரத்தார் பெரும்பாலும் பசியும் பேராசையுமாகவே வரையப்பட்டுள்ளனர். மெய்யான ஆசாரத்தோடு வாழும் ஓர் எளிய க்ருஹஸ்தரையேனும் ஆசிரியர் காட்டியிருக்கலாம். அதே வேளையில் ஒரு காட்சியை எவரும் மறக்கவியலாது. அதே கொள்ளைநோயால் சேரியில் மரிப்போர், வாழ்ந்த குடிசையோடே எரிக்கப்படுகின்றனர். அவர்களுக்காக எந்தச் சுவடியும் அவிழ்க்கப்படவில்லை.

பின்னர் ஆசாரியரின் மனைவி பாகீரதியும் அந்நோய்க்கே இரையாகிறாள். அவளை எரித்துவிட்டு ஊரை விட்டு நடக்கிறவர், முடிவில் துர்வாசபுரத்தை நோக்கி வண்டியேறுகிறார். அங்கே அவர் என்ன சொல்வார் என்பதை ஆசிரியர் கூறவில்லை. காலக்ஷேபம் சாதிப்பவரும் கேட்பவரும் அந்த இடத்தில் சற்று நின்று, தாம் என்ன சொல்லியிருப்போம் என்று எண்ணிப் பார்ப்பது தகும்.