அரக்கனுக்கு ஓர் இருக்கை

அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', மேசையைச் சுற்றி அமர்ந்து கதை வளர்க்கும் விளையாட்டு. ஆடுவோர் மனிதர், குள்ளர் என ஓர் இனத்தைத் தேர்ந்து அப்பாத்திரமாகவே பேசுவர்; முடிவெடுப்பர். நம் அரக்கரும் 1975 முதல் அதில் உண்டு. ஆயின் பெரும்பாலும் வெட்டுண்ணும் பகைவராகவே.

2024ஆம் ஆண்டுக் கையேட்டின் பத்து இனங்களுள் பழம்பகைவனான ஓர்க்கும் இடம்பெற்றுவிட்டான். அடுத்து அரக்கனா? வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்தவர்க்கு இது புதுமையன்று. அங்கே அரக்கனும் திரைக்குப் பின்னின்று தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டுதான் வருகிறான்.

இருட்பார்வைக்கும் உடல்வலிமைக்கும் எண் குறித்துவிட்டால் புதிய இனம் பிறந்துவிடும் என்பது கையேடு எழுதுவோரின் நம்பிக்கை போலும். எனக்கோ ஐயம் வேறு. கடோற்கசனை எந்த இனத்தில் எழுதுவது? அவன் தாய் அரக்கி இடும்பி, தந்தை வீமன். முன்பு தனி இனங்களாய் நின்ற அரை எல்ஃப், அரை ஓர்க் இரண்டையும் அக்கையேடு விலக்கிவிட்டது. கலப்பில் பிறந்தவனுக்கே உரிய துயரம் எண்ணில் அடங்குவதில்லை. நினைத்தபோதெல்லாம் வந்து உதவியவன் அவன். பதினான்காம் நாள் இரவில், அருச்சுனனுக்கெனக் கர்ணன் காத்துவைத்த வேலை மார்பில் ஏற்று வீழ்ந்தான். பாண்டவர் அழுதனர்; கண்ணன் மகிழ்ந்தான்.

ஆடுபவன் கையில் கடோற்கசன் கிடைத்தால், அன்றிரவு அவன் வர மறுக்கவும் கூடும்.