பத்து மணிக்குப் பெண்கள், ஏழு மணிக்கு ஹெலன்

பனிக்கால மாதங்களில், கல்லூரியிலிருந்து வந்து நான் காபிக்குப் பால் வைக்கும் மூன்றரை மணிக்கு லண்டனில் காலை பத்து. கைபேசியை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு பிபிசி ரேடியோ 4 கேட்பேன். செய்தி முடிந்ததும் 'உமன்ஸ் அவர்' தொடங்கும். மார்ச் இறுதியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அப்போது அது எனக்கு இரண்டரை மணி, வகுப்பில் இருப்பேன். இப்படி வருடத்தில் பாதி நாள் கிடைத்தும் பாதி நாள் தவறியும்தான் எனக்கு அந்த வானொலியோடு பழக்கம். லண்டனில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி, "பேச்சு மட்டும்தான், பாட்டு கிடையாது, உனக்குப் பிடிக்கும்" என்று சொல்லி அறிமுகப்படுத்தினாள்.

அவள் சொன்னது ஏறக்குறைய சரி. 1967 செப்டம்பர் 30 அன்று, பழைய 'ஹோம் சர்வீஸ்' இருந்த இடத்தில் தொடங்கப்பட்ட நிலையம் இது. விளம்பரம் இல்லை, மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கிறது. வார நாட்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரை 'டுடே' என்ற செய்தி நிகழ்ச்சி. பத்து மணிக்குப் பெண்கள். ஒரு மணிக்குச் செய்தி. மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் செய்தி, ஆறரைக்கு நகைச்சுவை, ஏழு மணிக்கு 'தி ஆர்ச்சர்ஸ்' என்னும் தொடர் நாடகம். நள்ளிரவு தாண்டியபின் கடலில் இருப்பவர்களுக்கான வானிலை.

தமிழ் படித்தவளுக்கு இந்த நிரல் முதற்பொருள் போலத் தெரிவதில் வியப்பில்லை. நிலமும் பொழுதும் முதலில், மனிதர்கள் பிறகு. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று நாளை ஆறாகப் பகுத்து, எந்தப் பொழுதில் யார் எந்த உணர்வோடு இருக்கவேண்டும் என்று நம் இலக்கணம் விதித்து வைத்திருக்கிறது. வானொலியின் தினசரி நிரலும் அப்படி ஓர் இலக்கணம்தான். எந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பார்கள், யாருடைய கை வேலையாக இருக்கும், யாருக்கு எது செய்தி என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் அது பேசத் தொடங்குகிறது. இந்தப் பகுப்பில் பெண் எந்தப் பொழுதில் வருகிறாள், யாராக வருகிறாள் என்பதே என் கேள்வி.

'உமன்ஸ் அவர்' 1946 அக்டோபர் 7 அன்று பிபிசியின் 'லைட் புரோகிராம்' அலைவரிசையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் பெண் சற்று உட்காரும் நேரம் அது என்பது கணக்கு. போரின்போது தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம். பெண்களுக்கான அந்த நிகழ்ச்சியை முதலில் தொகுத்து வழங்கியவர் ஆலன் ஐவிமி என்ற ஆண். நிகழ்ச்சி 1973இல் ரேடியோ 4க்கு வந்தது. 1991இல் காலை பத்தரை மணிக்கு மாற்றப்பட்டபோது நேயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை வெறும் பழக்கதோஷம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நாள் முழுவதும் மற்றவர்களின் நேரத்துக்கு ஓடுகிறவளிடம் 'உன் நேரம்' என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதையும் அவளைக் கேளாமல் நகர்த்தினால் கோபம் வரத்தானே செய்யும்.

நம் பக்கமும் வானொலி பெண்களுக்கு இடம் கொடுத்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் வந்த மகளிர் நிகழ்ச்சியின் பெயர் 'பூவும் பொட்டும்'. என் பாட்டி பூவும் பொட்டும் இழந்த பிறகுதான் அதிகம் வானொலி கேட்டாள். அந்தப் பெயர் அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நான் கேட்டதே இல்லை. அதை நினைத்தால் 'பெண்கள் நேரம்' என்ற மொட்டைப் பெயர் எவ்வளவோ மேல். யாருடைய மனைவி, கணவன் உயிரோடு இருக்கிறானா என்று அது கேட்பதில்லை.

ஆனால் இடம் கொடுப்பது வேறு, குரலை ஏற்பது வேறு. 1933இல் ஷீலா பாரெட் என்ற பெண் பிபிசியில் அறிவிப்பாளராக நியமிக்கப்பட்டார். புகார்க் கடிதங்கள் குவிந்தன. சில மாதங்களிலேயே அவர் அந்தப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். ரேடியோ 4இல் ஷீலா டிரேசி என்ற பெண் செய்தி வாசித்தது 1974இல்தான். சமையல் குறிப்பைப் பெண்குரல் சொன்னால் நம்பலாம், பிரதமர் பதவி விலகியதைச் சொன்னால் நம்ப முடியாது என்றுதானே இதற்குப் பொருள்? பெண்குரலில் கனம் இல்லை என்று அன்று சொன்ன காரணத்தை, பட்டிமன்ற நடுவராகப் பெண்ணை அழைக்கத் தயங்குகிறவர்கள் இன்றும் என்னிடம் சொல்கிறார்கள்.

2018 ஜனவரி 8ஆம் தேதி காலையை ஒரு பனுவல்போல நான் வகுப்பில் வைத்துப் பேசுவதுண்டு. பிபிசியின் சீனச் செய்தி ஆசிரியராக இருந்த கேரி கிரேசி, சம ஊதியம் மறுக்கப்பட்டதால் அந்தப் பொறுப்பை விட்டு விலகி ஒரு திறந்த மடல் வெளியிட்டிருந்தார். நான்கு சர்வதேச ஆசிரியர்களில் ஆண்கள் இருவரும் பெண்கள் இருவரைவிடக் குறைந்தது 50 விழுக்காடு கூடுதலாகப் பெற்றார்கள் என்பது அவர் வைத்த கணக்கு. அன்று காலை 'டுடே' நிகழ்ச்சியை வழங்கியவர்களில் அவரும் ஒருவர். அன்றைய தலைப்புச் செய்திகளில் அவரே இருந்தார். ஆனால் நடுநிலை விதி காரணமாக, நிகழ்ச்சியை நடத்திய அவர் தன் வழக்கை அங்கே விரிவாகப் பேச முடியவில்லை; சில வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டார். பிறகு பத்து மணிக்கு 'உமன்ஸ் அவர்' நிகழ்ச்சியில் அமர்ந்து விரிவாகப் பேசினார். அதே நிலையம், அதே காலை, அதே பெண். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவர் உலகத்தின் செய்தியைச் சொல்லலாம். தன்னுடையதைச் சொல்லப் பத்து மணிவரை காத்திருக்க வேண்டும். அந்த ஜூன் மாதம் பிபிசி அவரிடம் மன்னிப்புக் கேட்டு நிலுவை ஊதியத்தைக் கொடுத்தது. அவர் அதைப் பெண் சமத்துவத்துக்காக வேலை செய்யும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

பெண்களுக்கென்று தனி நேரம் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதில் இருக்கிறது. அந்த நேரம் இல்லாவிட்டால் கிரேசிக்கு அன்று பேச இடமே இல்லை. அது இருப்பதாலேயே மற்ற நேரங்கள் தம்மைத் திருத்திக்கொள்ளாமல் தப்பிக்கின்றன. இரண்டும் உண்மை.

இனி ஏழு மணிக்கு வருகிறேன். 'தி ஆர்ச்சர்ஸ்' 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலிபரப்பாகிறது. போருக்குப் பின் உணவு உற்பத்தியைப் பெருக்க, விவசாயிகளுக்குச் செய்தி சொல்லும் நோக்கத்தோடு தொடங்கிய கிராமத்துக் கதை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13 நிமிடம். 1955இல், போட்டித் தொலைக்காட்சியான ஐடிவி தொடங்கிய அதே இரவில், கிரேஸ் என்ற இளம் மனைவியை இந்த நாடகம் லாயத் தீயில் சாகடித்தது. பெண்ணைக் கொன்று நேயரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வித்தை நம் தொடர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல.

ஆனால் அறுபது ஆண்டு கழித்து இதே நாடகம் வேறொன்றைச் செய்தது. 2013இல் ராப் டிச்னர் என்ற பாத்திரம் கிராமத்துக்கு வருகிறான். ஹெலன் ஆர்ச்சருடன் பழகுகிறான், திருமணம் செய்கிறான். அவள் உடையைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் கார் ஓட்டுவதைப் பற்றி ஒரு கவலை. வேலைக்குப் போய் ஏன் களைத்துப் போகிறாய் என்ற கரிசனம். அம்மாவிடமிருந்தும் தோழியிடமிருந்தும் மெல்ல மெல்லப் பிரிக்கிறான். குரல் உயர்வதே அபூர்வம். ஒரு நாளைக்கு ஒரு துளி. 2016 ஏப்ரலில் அவன் அவள் கையில் கத்தியைத் திணித்து, என்னை விட்டுப் போக உனக்கு இருக்கும் வழி சாவதுதான் என்கிற இடத்தில், அவளுடைய சிறுவன் உள்ளே வர, அவள் அவனைக் குத்துகிறாள். செப்டம்பரில் விசாரணை; விடுதலை. இதற்கிடையில் ஹெலன் பெயரில் நேயர் ஒருவர் தொடங்கிய நிதிக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்து, துன்புறுத்தப்படும் நிஜப் பெண்களுக்குப் போனது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய தொடர் அடக்குமுறையைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்தது 2015 டிசம்பர் இறுதியில்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது சித்தியின் வீடு. சித்தி பள்ளி ஆசிரியை. சம்பளம் சித்தப்பா கையில். பேருந்துக் காசு தினமும் எண்ணித் தரப்படும். எந்தச் சேலை கட்டுவது என்று அவர் சொல்வார், அதுவும் சிரித்துக்கொண்டே: "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் பாத்துக்கறேன்." ஒருநாள் சித்தி பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரியவர்கள் கூடினார்கள். எனக்குப் பதினேழு வயது. காபி கொண்டுபோய் வைத்தேன். கேட்டது மூன்றே கேள்விகள். அடிச்சானா? குடிக்கிறானா? வேற பொம்பள சகவாசம் உண்டா? மூன்றுக்கும் சித்தி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என்னதான் உன் பிரச்சினை என்று பெரியப்பா கேட்டார். சித்தி வாய் திறந்து, "தினமும்..." என்றாள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் காலைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். பை தூக்கிக்கொண்டு போனவள் நான்.

பின்னால் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். பெண் உடலைப் பற்றிக் கவிதை எழுதினேன். சித்தியின் அந்தத் 'தினமும்' என்ற சொல்லை எழுத என்னால் முடிந்ததில்லை. கவிதை ஒரு கணத்தைப் பிடிக்கும். சித்திக்கு நடந்தது கணம் அல்ல. ஒரு நாள் நடந்ததைத் தனியாக எடுத்துச் சொன்னால் அது புகார்போலக்கூடக் கேட்காது. 2005ஆம் ஆண்டின் நம் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனத்தைத் துன்புறுத்துவதையும் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. ஆனால் கூடத்தில் அமரும் பெரியவர்கள் கேட்பது இன்றைக்கும் அந்த மூன்று கேள்விகளைத்தான்.

தினசரி வானொலி நாடகத்தின் வடிவம் இங்கேதான் எனக்கு முக்கியமாகிறது. ராபின் வார்த்தைகளை நேயர்கள் இரண்டரை ஆண்டு, பாத்திரம் துலக்கிக்கொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் கேட்டார்கள். முதலில் அவனை நல்லவன் என்று நம்பினார்கள். பிறகு சந்தேகித்தார்கள். ஹெலன் எவ்வளவு மெதுவாகச் சிக்கினாளோ அவ்வளவு மெதுவாக அவர்களும் விளங்கிக்கொண்டார்கள். இரண்டு மணி நேரத் திரைப்படத்தால் இது முடியாது; அதற்கு அறை வேண்டும், ரத்தம் வேண்டும். முல்லைக்கு மாலைப்பொழுதை வைத்த நம் இலக்கணத்தில், மாலை என்பது கணவன் வரவுக்காக மனைவி காத்திருக்கும் பொழுது. வண்டிச் சத்தம் கேட்டதும் வயிறு கலங்கும் மாலையும் உண்டு. அதற்கு நம்மிடம் திணை இல்லை. ரேடியோ 4இன் ஏழு மணி அதைச் சொன்னது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஹெலன் பண்ணை உள்ள குடும்பத்துப் பெண், வெள்ளைக்காரி, அவளுக்காக வாதாட வழக்கறிஞரும் அழுவதற்குத் தாயும் இருந்தார்கள். தங்கும் உரிமையே கணவனின் விசாவைச் சார்ந்திருக்கும் பெண்ணுக்கு, ஆங்கிலம் சரளமாக வராத பெண்ணுக்கு அந்தக் கிராமத்தில் கதை இல்லை. அதைவிட எனக்கு உறுத்தும் குறை வேறு. இரண்டரை ஆண்டுத் துளிகளையும் நாட்டின் செய்தியாக மாற்றியது கத்திதான். குத்தாமல் இருந்திருந்தால், பெட்டியோடு தாய்வீட்டுக்குப் போயிருந்தால், காலை ஆறு மணிக்காரர்கள் ஹெலனைப் பற்றிப் பேசியிருப்பார்களா?

சித்தி குத்தவில்லை. பணி ஓய்வு பெற்றாள்; ஓய்வூதியமும் அவர் கைக்கே போனது. சித்தப்பா இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஹெலன் கதையை அவளுக்குத் தமிழில் சொன்னேன், ஒரே மூச்சில் இல்லை, தினமும் கொஞ்சமாக, நான்கு நாள். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கத்தி வரும் இடத்தை நான் பெரிதாகச் சொன்னேன். அவளுக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கார் ஓட்ட வேண்டாம் என்று அவன் சொன்ன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனாள்.

"அத ரேடியோவுல சொன்னாங்களா?" என்று கேட்டாள். "ஊர் பூரா கேக்கறாப்புலயா?"

ஆமாம் என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் அப்புறம் என்ன சொன்னான், முதலிலிருந்து சொல் என்றாள்.