ஏறும்போதுதான் விழுகிறார்கள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போய் அடிபட்டவர் என்றால் குண்டு பட்டவராகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இரண்டு பெரிய விபத்துச் சிகிச்சை மருத்துவமனைகளின் மருத்துவர்கள், 1998 முதல் 2007 வரை வேட்டையில் காயம்பட்டு வந்த 130 பேரின் கோப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். குண்டடி பட்டவர்கள் 29 சதவீதம். கீழே விழுந்தவர்கள் 50 சதவீதம். அந்த விழுந்தவர்களிலும் 92 சதவீதம் பேர் மரத்தில் கட்டிய பரணிலிருந்து விழுந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதுகெலும்பு முறிவு. பத்தில் எட்டுப் பேருக்கு அறுவைச் சிகிச்சை. எட்டு சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகவே தங்கிவிட்டது. இது ஒஹாயோவின் தனிக்கதையும் அல்ல. ஜார்ஜியாவில் 1979-1989 பருவங்களில் பதிவான மான் வேட்டைக் காயங்களைத் தொகுத்த அரசு நோய்த்தடுப்பு மைய அறிக்கையிலும் மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை பரண் தொடர்பானவையே.

இந்த எண்களுக்கு ஒரு வரம்பு உண்டு. மருத்துவமனைக் கோப்பு, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவரை மட்டுமே எண்ணும். விழுந்து எழுந்து தூசி தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவரும் அதில் இல்லை. காட்டிலேயே இறந்து கிடந்தவரும் இல்லை. பரணில் ஏறியவர்கள் மொத்தம் எத்தனை பேர், எத்தனை முறை ஏறினார்கள் என்ற கணக்கும் யாரிடமும் சரியாக இல்லை. 2016இல் அமெரிக்க வனவிலங்குத் துறை எடுத்த கணக்கெடுப்பில் வேட்டைக்காரர்கள் 1 கோடியே 15 லட்சம் பேர்; பரண் வேட்டையில் இறங்கியவர்கள் அதில் ஒரு பகுதி. ஆகவே 'பரணில் ஏறுகிறவர்களில் மூவரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது விழுவார்' என்று பாதுகாப்பு வகுப்புகளில் சொல்லப்படும் வாசகத்தை நான் சான்றாக ஏற்கவில்லை. வேட்டை இதழ்கள் தம் வாசகர்களுக்கு அனுப்பிய கேள்வித்தாள்களிலிருந்து கிளம்பிய எண் அது. விழுந்தவனுக்குத்தான் பதில் எழுதி அனுப்பும் ஆர்வம் இருக்கும். எவ்வளவு அடிக்கடி விழுகிறார்கள் என்பதற்கு நல்ல பதில் கிடைக்காது. எப்போது விழுகிறார்கள், விழுந்தால் என்ன ஆகிறது என்பதற்குக் கிடைக்கும். தீர்ப்புக்கு அது போதும்.

மரத்தில் ஏன் ஏறுகிறார்கள் என்பதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வில் வேட்டையில் மான் இருபது, முப்பது கஜத்துக்குள் வர வேண்டும். வெள்ளைவால் மான் ஆபத்தைத் தன் கண்மட்டத்தில் தேடும், மேலே அரிதாகவே பார்க்கும்; மனித வாடையும் உயரத்திலிருந்து சிறிது தள்ளியே போய் இறங்கும். விடியுமுன் இருட்டில், தடித்த குளிராடையோடு, பெரும்பாலும் தனியாக ஏறி, மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து, விறைத்த கைகால்களோடு மறுபடி இருட்டில் இறங்குவதுதான் வேட்டைக்காரரின் நாள். விழுவதற்கு இதைவிடத் தோதான நிலைமைகளை யாரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாது.

பரண்களில் சில வகை உண்டு. ஏணியோடு சேர்ந்தே வருவது ஒன்று. மரத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு, தனியாகப் பொருத்திய படிகள் வழியாக ஏறிப்போய் அமர்வது இன்னொன்று. மூன்றாவது, மேல் கீழ் என்று இரண்டு சட்டங்களாக இருந்து, ஆள் உட்கார்ந்து எழுந்து மாற்றி மாற்றி நகர்த்தி மரத்தோடு தானும் மேலே போவது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் தென்னை ஏறும் கருவியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேலை செய்யும் முறை ஒன்றுதான். ஆனால் தென்னை அடியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே பருமன். ஓக் மரம் மேலே போகப் போக மெலியும். கீழே மட்டமாக வைத்துக் கட்டிய சட்டம் இருபதடி ஏறியதும் சாய்ந்துவிடும். அதைத் தெரிந்து, கீழேயே முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைத்துத் தொடங்க வேண்டும். இரண்டு சட்டங்களையும் கயிற்றால் பிணைக்காமல் விட்டால், காலடிச் சட்டம் நழுவிக் கீழே போய்விட, ஆள் மேல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

இனி முக்கியமான கேள்வி. வேட்டைக்காரருக்கு ஆண்டுதோறும் சொல்லப்படும் அறிவுரை, 'ஹார்னஸ் போடு' என்பதுதான். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் வார்க்கட்டு அது. அமெரிக்காவில் தரச்சான்று பெற்ற பரண் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே ஒன்று வருகிறது. கூடவே மரத்தைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டையும் வரும். வேட்டைக்காரர் ஹார்னஸைக் கீழேயே மாட்டிக்கொள்கிறார். ஏறுகிறார். பரணில் கால் வைக்கிறார். பிறகு பட்டையை மரத்தில் சுற்றி, ஹார்னஸின் வாரை அதில் மாட்டுகிறார். மாலையில் முதலில் வாரைக் கழற்றுகிறார், பிறகு இறங்குகிறார்.

அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் எதிலும் கட்டப்படவில்லை. விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதிலும் படியிலிருந்து பரணுக்கும் பரணிலிருந்து படிக்கும் காலை மாற்றும் அந்த ஓரிரு நொடிகள் மிக மோசமானவை. ஒரு கால் ஒன்றிலும் மறுகால் இன்னொன்றிலும், உடல் எடை இரண்டுக்கும் நடுவிலும் இருக்கும். உட்கார்ந்திருப்பவர் தூங்கி விழுவதும் உண்டு, பட்டை அறுந்து பரணோடு விழுவதும் உண்டு; ஹார்னஸ் அவர்களைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியோடு வரும் ஏற்பாடு, ஆபத்து குறைந்த பல மணி நேரத்துக்குக் காவல் வைத்துவிட்டு, ஆபத்து மிகுந்த சில நிமிடங்களைக் கைவிட்டுவிடுகிறது. 'ஹார்னஸ் போட்டிருந்தும் விழுந்தார்' என்ற செய்தியைக் கேட்டு ஹார்னஸையே பயனற்றதென்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த ஹார்னஸ் அப்போது எதனோடு இணைந்திருந்தது என்று கேட்க வேண்டும்.

இருபதடி உயரம் என்பது ஏறத்தாழ 6 மீட்டர். விழ ஆகும் நேரம் 1.1 நொடி, தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். 'மூன்று பிடி' விதி, அதாவது இரு கை ஒரு கால் அல்லது இரு கால் ஒரு கை எப்போதும் பிடிப்பில் இருக்க வேண்டும் என்பது, நல்ல பழக்கம். அது விழாமல் இருக்க உதவும், விழுந்தபின் நிறுத்தாது. படி முறிந்தால், பனி உறைந்த தகடு வழுக்கினால், ஒரு நொடிக்குள் கை எதைப் பிடிக்கும்?

உயரத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒப்பிட்டால் வேட்டை உலகம் எவ்வளவு பின்தங்கியது என்பது தெரியும். கட்டுமானத் தொழிலில் விழுவோரைத் தாங்க இடுப்புப் பட்டையைப் பயன்படுத்துவதை 1998 ஜனவரி 1 முதல் தொழிற்பாதுகாப்புத் துறை ஏற்பதில்லை. முழு ஹார்னஸ்தான் வேண்டும், நிறுத்தும் விசையும் 1,800 பவுண்டைத் தாண்டக்கூடாது. இன்னும் பொருத்தமானது மின்கம்பத் தொழிலாளர் கதை. கம்பத்தில் ஏறி இறங்கும்போது அனுபவசாலிகள் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை, மேலே போய் வேலை தொடங்கும்போது கட்டினால் போதும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2014இல் விதி மாறியது. 2015 ஏப்ரல் முதல், முடியாத இடங்களைத் தவிர, ஏறும்போதும் இடம் மாறும்போதும் கட்டியே இருக்க வேண்டும். தினமும் கம்பம் ஏறுகிறவருக்கே அனுபவம் போதாது என்று முடிவாகிவிட்டது. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் மரம் ஏறுகிறவருக்கு அது போதும் என்று எப்படிச் சொல்வது?

வழி இருக்கிறது, புதியதும் அல்ல. பரணுக்கு மேலே மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டித் தரைவரை தொங்கவிட வேண்டும். லைஃப்லைன் என்பார்கள். அதில் ஒரு புரூசிக் முடிச்சு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் விளக்கி எழுதியது. கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகும். தரையில் நிற்கும்போதே ஹார்னஸை இந்த முடிச்சில் மாட்டி, ஏற ஏற முடிச்சையும் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டு போனால், கால் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை கட்டு அவிழ்வதில்லை. விலை சில பத்து டாலர். பரணின் விலையோடு, வில்லின் விலையோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு தொகையே இல்லை.

இதிலும் குறைகள் உண்டு. முடிச்சை மேலே தள்ள மறந்தால் அது இடுப்புக்குக் கீழே கிடக்கும். விழும் தூரமும் நிறுத்தும் விசையும் கூடும். விழும் பதற்றத்தில் முடிச்சையே கையால் இறுகப் பிடித்தால் அது இறுகாமல் வழுக்கக்கூடும். வெயிலிலும் மழையிலும் ஆண்டு முழுவதும் விட்ட கயிற்றை நம்ப முடியாது. முதல் முறை கயிற்றைக் கட்டப் போகும்போது லைஃப்லைன் இருக்காது. அப்போது மின்கம்பத் தொழிலாளர் போல மரத்தைச் சுற்றி இடுப்போடு பிணைக்கும் வார் வேண்டும். கிளை குறுக்கே வந்தால் அந்த வாரைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும் என்பதால் இரண்டாவது வார் தேவை. தொல்லைதான். ஆனால் இவை எல்லாம் பழகினால் தீரும் குறைகள். ஏறும்போது கட்டாமலிருப்பது எவ்வளவு பழகினாலும் தீராத குறை.

ஹார்னஸுக்கு எதிராக இன்னொரு வாதம் உண்டு. தொங்கிக்கொண்டே இருந்தால் கால்களில் ரத்தம் தேங்கி ஆள் இறந்துவிடுவார். ஆகவே ஹார்னஸே கொல்லும் என்பது. பாதி உண்மை. அமெரிக்க விமானப்படைக்காக 1987இல் வெளியான சோதனையில் அசையாமல் தொங்கவிடப்பட்டவர்கள் சராசரியாக இடுப்புப் பட்டையில் ஒன்றரை நிமிடமளவு, மார்புப் பட்டையில் ஆறு நிமிடம், முழு ஹார்னஸில் பதினான்கு நிமிடம் தாங்கினார்கள். ஆபத்து நிஜம். ஆனால் அதே எண்கள் இடுப்புப் பட்டைக்கு எதிரானவை, முழு ஹார்னஸுக்கு ஆதரவானவை. தொங்கியவர் காலை ஊன்றி எழ ஒரு வார் வளையம் இருந்தால், கால்களை அசைத்துக்கொண்டே இருந்தால், நேரம் நீளும். மீட்டவுடன் படுக்கவைத்தால் இதயம் நின்றுவிடும் என்று பல ஆண்டுகள் பரவிய எச்சரிக்கையை, பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 2009இல் வெளியிட்ட ஆய்வு சான்றில்லாதது என்று தள்ளி, வழக்கமான முதலுதவிதான் சரி என்றது. உண்மையான பிரச்சினை வேறு. விழுந்த தொழிலாளியை உடனே இறக்க ஆள் வேண்டும் என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. காட்டில் வேட்டைக்காரர் தனி ஆள். கைப்பேசி பையில் இருந்து, பை பரணில் மாட்டியிருந்தால், அது இருந்தும் இல்லாததுதான்.

'பரண் பழுதில்லை, பயன்படுத்தியவர்தான் தவறினார்' என்பது உற்பத்தியாளர் தரப்பின் பழைய பல்லவி. பெரும்பாலான விபத்துகளில் கருவி உடைவதில்லை என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் மரத்தில் விட்ட பட்டையை வெயில் இற்றுப்போகச் செய்யும், அணில் கடிக்கும், பருக்கும் மரமே இழுத்து அறுக்கும். அதைக் கழற்றிப் பார்க்காமல் ஏறியவரின் தவறு அவர் தவறுதான். ஆனால் பெரும்பாலோர் ஒரே கட்டத்தில், ஒரே விதமாகத் தவறுகிறார்கள் என்றால், அதை எதிர்பார்த்து வடிவமைக்காதது யாருடைய தவறு? பெட்டிக்குள் ஹார்னஸை வைக்க முடிந்தவர்களால் முப்பதடிக் கயிற்றையும் வைக்க முடியும்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. முப்பதடி ஏறினேன் என்பது சிலருக்குப் பெருமை. பத்துக் கஜத்தில் நிற்கும் மானை இருபதடியிலிருந்து பார்த்தால் அம்பு ஏறத்தாழ 30 பாகை சாய்வில் இறங்கும். முப்பதடியிலிருந்து 42 பாகை. சாய்வு கூடக் கூட இரண்டு நுரையீரலையும் ஊடுருவும் பாதை குறுகுகிறது, காயம்பட்ட மான் ஓடித் தப்பிச் சாகும் வாய்ப்பு கூடுகிறது. விழும் ஆற்றலோ ஒன்றரை மடங்கு. வேட்டைக்கும் லாபமில்லை, உடம்புக்கும் லாபமில்லை. இதில் இரு பக்க நியாயம் தேட எனக்குத் தோன்றவில்லை.

அண்மையில் பரவிவரும் சேணவகை ஏற்பாட்டில் வேட்டைக்காரர் பலகையில் உட்காருவதில்லை. இடுப்பையும் தொடையையும் ஏந்தும் துணியில் மரத்தை நோக்கிச் சாய்ந்து தொங்குகிறார். மேலே இருக்கும்வரை கட்டிலேயே இருக்கிறார் என்பதும், கட்டு எப்போதும் இறுக்கமாக இருப்பதால் விழும் தூரமே இல்லை என்பதும் அதன் சிறப்பு. ஆனால் ஏறுவது அதே படிகளில்தான். மரத்தைச் சுற்றிய வாரை நம்பி ஏறும்போது வழுக்கினால் அந்த வார் மரத்தோடு சறுக்கவும் கூடும். அதற்கும் லைஃப்லைன் தேவை.

என் முடிவு இது. 'ஹார்னஸ் போடு' என்ற அறிவுரை தவறில்லை, அரைகுறை. இத்தனை ஆண்டு அரைகுறையாகவே விட்டதற்கு உற்பத்தியாளர்களும், மாநிலங்களின் வேட்டைப் பயிற்சி வகுப்புகளும் பொறுப்பு. தரையிலிருந்து தரைவரை கட்டு என்பதுதான் சொல்லப்பட வேண்டியது. லைஃப்லைன் இல்லாத பரணைப் பிரேக் இல்லாத வண்டி போல முழுமையற்ற கருவியாகவே தரச்சான்று அமைப்புகள் கருத வேண்டும். குண்டு நீக்கிய துப்பாக்கியையும் வில்லையும் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வது, எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவது, கைப்பேசியை ஹார்னஸ் பையிலேயே வைப்பது ஆகியவை அடுத்த நிலை. இவற்றில் எதற்கும் பொறுமை இல்லாதவருக்குத் தரையில் போடும் மறைவுக் கூடாரம் கடைகளில் கிடைக்கிறது. டெக்சாஸில் அப்படி உட்கார்ந்தே ஏராளமானோர் மான் அடிக்கிறார்கள்.